நெருக்கடி நேரத்தில் நாடகம்: செட்டிநாட்டு ஊர்களில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீதி நாடகம் போடும் சிறு குழு நாங்கள். ஆசிரியர், தையல் வேலை செய்பவர், கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற தபால்காரர் என்று பதினொரு பேர். நாடகம் முடிந்து டீ குடிக்கும்போது பலர் கேட்ட கேள்விகளையும், அங்கே அரைகுறையாகச் சொன்ன பதில்களையும் கொஞ்சம் நிதானமாக எழுதி வைக்கிறோம்.

ஊரே தவித்துக்கொண்டிருக்கும்போது நாடகம் ஒரு கேடா?

நியாயமான கேள்வி. குடத்தோடு வரிசையில் நிற்பவருக்கு முதலில் வர வேண்டியது தண்ணீர் லாரி. அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் லாரி வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். யார் குடம் முதலில் நிரம்புகிறது, எந்தத் தெருவுக்கு லாரி திரும்புவதே இல்லை, வரிசையில் நின்றதால் அன்றைய கூலியை இழந்தவர் யார்? இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். நெருக்கடியில் அரிசியும் தண்ணீரும் மட்டும் குறைவதில்லை, பேச்சும் குறைந்துவிடுகிறது. வீட்டில் உலை வைக்கவில்லை என்பதைப் பக்கத்து வீட்டில் சொல்ல மானம் தடுக்கும். கடன் கொடுத்தவர் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நூறு நாள் வேலைச் சம்பளம் ஏன் வரவில்லை என்று கேட்டால் அடுத்த முறை பேர் விட்டுப்போகுமோ என்று பயம்.

தெரிந்ததையே திரும்பச் சொல்ல நாடகம் தேவையில்லை. தெரிந்தும் சொல்ல முடியாமல் இருப்பதை நாலு பேர் நடுவில் வைக்கத்தான் அது தேவைப்படுகிறது. மேடையில் ஒரு பாத்திரம் அதைச் சொல்லிவிட்டால், பார்ப்பவர் 'ஆமா, அவ சொல்றது சரிதானே' என்று சொல்லலாம். தன் கதையைச் சொல்கிறார் என்று யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஒரு வாக்கியத்துக்கு இடம் பண்ணிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

இது நகரத்திலிருந்து வந்த பழக்கம்தானே? நம் பக்கத்துக்கு இது புதிதில்லையா?

இல்லை. இதில்தான் எங்களுக்குப் பேச நிறைய இருக்கிறது.

1801 ஜூன் மாதம் சின்ன மருது, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக எல்லோரும் எழ வேண்டும் என்று எழுதிய அறிக்கையைத் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சுவரில் ஒட்ட வைத்தார். அச்சு இல்லாத கையெழுத்துச் சுவரொட்டி அது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது நம் திருப்பத்தூரில். அப்புறம் அந்தக் கதையைக் காப்பாற்றி வைத்தது யார்? கும்மியும் அம்மானையும்தான். சிவகங்கைச் சரித்திரம் கும்மியாகவும் அம்மானையாகவும் பாடப்பட்டது.

அடுத்தது 1876–78 தாது வருஷப் பஞ்சம். சிவகங்கைச் சமஸ்தானத்துப் புலவர் வில்லியப்ப பிள்ளை அதைப் பற்றி 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்று ஒரு நீண்ட பாட்டு எழுதினார். பஞ்சத்தில் அடிபட்ட சனங்கள் மதுரைச் சொக்கநாதரிடம் போய் முறையிடுகிறார்கள். சாமியோ அவர்களைச் சிவகங்கை ஜமீன்தாரிடம் அனுப்பி, கையில் ஒரு கடிதமும் கொடுத்துவிடுகிறார். கேலியும் கண்ணீரும் கலந்த பாட்டு. யார் பொறுப்பு, யாரிடம் கேட்பது என்பதுதான் அதன் அடியில் ஓடும் கேள்வி. இன்று நாங்கள் போடும் எந்த நாடகத்துக்கும் அதே கேள்விதான்.

பிறகு சுதந்திரப் போராட்டக் கால நாடக நடிகர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை விரட்டும் இடம் உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் 'வெள்ளைக் கொக்கு' பறப்பதைப் பற்றிய பாட்டைப் பாடினால், வெள்ளைக்காரனைத்தான் சொல்கிறார்கள் என்று கடைசி வரிசைக்கும் புரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு அது. விஸ்வநாததாஸ் 29 முறை சிறை போனார் என்பார்கள். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது. மருத்துவர் சமூகத்தில், அதாவது முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். இந்தக் கடைசி விஷயத்தையும் சேர்த்துத்தான் அவர் கதையைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கட்சி.

வங்காளப் பஞ்சத்தைப் பற்றி நாடகம் போட்டீர்கள். அதற்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். நடுவில் இருப்பது பர்மா.

1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் அங்கே வட்டிக்கடை நடத்திய செட்டிநாட்டு நகரத்தாரின், அதாவது செட்டியார்களின், கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. பர்மிய விவசாயிக்கு அது பெரிய காயம். இதை மறைத்துவிட்டு நம் பெரிய வீடுகளின் முகப்பு அழகை மட்டும் பேசுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் தப்பி ஓடினார்கள். பலர் காட்டு வழியாக நடந்தே வந்து வழியிலேயே செத்தார்கள். கடைகளில் கணக்கு எழுதியவர்களும் சமையல் செய்தவர்களும்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பர்மா அரிசி இந்தியாவுக்கு வருவது நின்றது. போர்க்காலப் பதுக்கல், விலையேற்றம், அரசின் படகுப் பறிமுதல் எல்லாம் சேர்ந்து 1943-இல் வங்காளத்தில் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள்.

அந்த நேரத்தில் கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. 1943-இல் இந்திய மக்கள் நாடக மன்றம் உருவானது. அடுத்த ஆண்டு பிஜோன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' என்ற நாடகம் பஞ்சத்தில் நிலத்தை விட்டுக் கல்கத்தாத் தெருவுக்கு வந்த குடியானவர்களை மேடையில் நிறுத்தியது. சித்தப்பிரசாத் என்ற ஓவியர் மிதுனாப்பூர்ப் பக்கம் ஊர் ஊராக நடந்து, பட்டினியை மையில் வரைந்தார். அவர் புத்தகப் பிரதிகளை அரசு பறிமுதல் செய்து எரித்தது. சில கோடுகளுக்கு ஓர் அரசு அவ்வளவு பயந்தது.

எங்கள் நாடகத்தில் இரண்டு பெண்கள் மட்டும். ஒருவர் இங்கே வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து பர்மாக் கடிதத்துக்குக் காத்திருக்கும் ஆச்சி. இன்னொருவர் அங்கே கஞ்சித் தொட்டி முன்னால் நிற்கும் வங்காளத் தாய். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. கண்டனூர்ப் பக்கம் போட்டபோது ஒரு மூத்த அம்மா எழுந்து வந்து, தன் அப்பச்சி பர்மாவின் அரக்கான் வழியாக நடந்து வந்த கதையை அரைமணி நேரம் சொன்னார். அன்று எங்கள் நாடகத்தைவிட அதுதான் பெரிது.

அதே 1942-இல் நம் ஊரில் என்ன நடந்தது?

'வெள்ளையனே வெளியேறு' என்ற ஆகஸ்ட் போராட்டத்தில் தேவகோட்டை நீதிமன்றம் எரிந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. திருவாடானைச் சிறையை உடைத்துச் சுதந்திரப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மக்களே வெளியே கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குச் சில மாதம் முன், 1947 ஜனவரியில், ஏவி. மெய்யப்பனின் 'நாம் இருவர்' வெளிவந்தது. தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்த படம். அதன் மூலம் ப. நீலகண்டன் எழுதிய 'தியாக உள்ளம்' என்ற நாடகம். அதில் பாரதி பாட்டுகள் ஒலித்தன. ரஸ்தா வழியாகப் பஸ்ஸில் போகும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வீதி நாடகம் என்றால் கட்சிப் பிரச்சாரமா?

சில சமயம் அப்படி ஆகிவிடுகிறது. ஆகும்போது நாடகம் கெட்டுப்போகிறது என்பது எங்கள் அனுபவம். மேடை, திரை, டிக்கெட் எதுவும் இல்லாமல் மக்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் போடுவதுதான் வீதி நாடகம். வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1980-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பட்டறை தமிழ் நாடகக்காரர்கள் பலருக்கு வழி திறந்தது. டெல்லிக்குப் பக்கத்தில் வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹஷ்மி 1989 ஜனவரி 1 அன்று தொழிலாளர் குடியிருப்பில் நடித்துக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவர் மனைவி மலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முடித்தார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எங்கள் குழுவில் யாராவது ஒருவருக்குக் குரல் உடைந்துவிடும்.

இரவு முழுக்க நடக்கும் இசை நாடகம் இருக்கும்போது இது எதற்கு?

அதோடு போட்டி போட நாங்கள் வரவில்லை. காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் எங்களுக்கு வாத்தியார்கள். ராஜபார்ட்டும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகி) ஒத்திகையே இல்லாமல் அன்று இரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு அவர்கள் தொண்டையில் இருக்கிறது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது நேற்றைய செய்தி உள்ளே வந்துவிடும். பபூன் வந்தால் கேட்கவே வேண்டாம். பெட்ரோல் விலையிலிருந்து ஊர்ப் பெரியவர் கஞ்சத்தனம் வரை எதையும் சொல்லலாம், சிரித்தபடியே கேட்டுக்கொள்வார்கள். ஊரில் உண்மையைச் சொல்ல உரிமை பெற்ற ஒரே ஆள் பபூன் என்றே எங்களுக்குத் தோன்றும்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. பங்குனி. முத்துமாரியம்மன் திருவிழாவும் கொப்புடையம்மன் திருவிழாவும் ஊர்ப் பொங்கல்களும் அடுத்தடுத்து வரும் காலம். மாசியிலிருந்து ஆடி வரை சம்பாதிப்பதை வைத்துத்தான் அந்தக் குடும்பங்கள் மீதி மாதங்களை ஓட்டும். அந்த சீசன் அப்படியே போனது, அடுத்த ஆண்டும் பாதி போனது. ஆர்மோனியத்தை அடகு வைத்தவரை எங்களுக்குத் தெரியும். கொத்து வேலைக்குப் போன ராஜபார்ட்டைத் தெரியும். கலைஞர் நலவாரியத்தில் பதிந்தவர்களுக்கு ஏதோ கொஞ்சம் உதவி வந்தது. பதியாதவர்களுக்கு அதுவும் இல்லை. கொரோனா விழிப்புணர்வுப் பாட்டு பாடச் சொல்லி அவர்களைத் தேடி வந்தவர்கள் உண்டு, 'சேவையாகச் செய்யுங்கள்' என்று. சாப்பாடு இல்லாதவரிடம் சேவை கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை!

அதனால்தான் எங்கள் குழுவில் ஒரு விதி. எங்களுக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும், தவிலுக்கோ ஆர்மோனியத்துக்கோ பறைக்கோ ஒரு கலைஞரை அழைத்தால் அவருடைய திருவிழாச் சம்பளத்தை அன்றே கையில் கொடுத்துவிடுவோம். அதற்குப் பணம் இல்லாத நாளில் கைதட்டியே நாடகம் போடுவோம்.

கதையை யார் எழுதுகிறார்கள்?

எழுதுவதில்லை, கேட்கிறோம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. அடுத்த கோடையில் ஊருணிகள் வெடித்துக் கிடந்தன. நாங்கள் 'மரம் நடுங்கள், நீரைச் சேமியுங்கள்' என்று ஒரு நாடகம் செய்துகொண்டு போனோம். ஒரு ஊரில் நடுவிலேயே ஒரு அக்கா எழுந்து, "தம்பி, சேமிக்கிறதுக்குத் தண்ணி வேணும்ல?" என்று கேட்டார். வாயடைத்துப் போனோம்.

அப்புறம் அவர்கள் கூடவே கண்மாய்க்கரைக்குப் போனோம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டது, எந்த இடத்தில் சீமைக்கருவேலம் மூடியது, எந்த வேலி கால்வாய்க்கு உள்ளே வந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டு சொன்னார்கள். செட்டிநாட்டு ஊருணிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிறைந்து ஓடும்படி வெட்டப்பட்டவை. மேலே ஒருவர் அடைத்தால் கீழே ஒரு ஊரே காயும். அதுதான் நாடகமானது. ஒரு நீண்ட நீலத்துணி, பத்துப் பேர் கையில். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டே வருவார்கள். கடைசியில் நிற்கும் சிறுமியின் கையில் துணி எட்டாது. வசனம் கிடையாது.

முடிந்ததும் "இந்த முடிச்சை யார் அவிழ்ப்பது?" என்று கேட்டு நிறுத்திவிடுவோம். கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து அவிழ்ப்பார், இன்னொருவர் தடுப்பார், சண்டையும் வரும். பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் பார்வையாளரை நடிக்க வைத்து இப்படி ஒரு முறையை வளர்த்தார். அவர் பெயரே கேள்விப்படாத ஒரு ஆத்தா, "அந்த மடைக்காரன் இப்பிடிப் பேச மாட்டான், தள்ளு" என்று சொல்லி எங்கள் நடிகரை ஒதுக்கிவிட்டுத் தானே நடித்துக் காட்டினார்.

எங்கே போடுவது நல்லது? பெரிய வீடுகளில் போடலாமே?

வளவு அருமையான அரங்கம், மறுக்கவில்லை. நடுவில் வானம், சுற்றிலும் தூண், மெதுவாகப் பேசினாலும் கேட்கும். ஆனால் முகப்புப் படி ஏறத் தயங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் வராத இடத்தில் அவர்கள் கதையைப் போட்டு என்ன பயன்? ஊருணிக்கரை, ரேஷன் கடை முன்புறம், சந்தை, பஸ் நிற்கும் ஆலமரத்தடி எங்களுக்குப் பிடித்தவை. மாலை ஆறரை நல்ல நேரம். வேலையிலிருந்து திரும்பியிருப்பார்கள், டிவி சீரியல் சூடு பிடித்திருக்காது. இருபத்தைந்து நிமிடத்துக்குமேல் இழுக்காதீர்கள்.

போலீஸ் அனுமதி வேண்டுமா?

உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒலிபெருக்கி இருந்தால் அனுமதி கட்டாயம், இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது. நாங்கள் மைக் வைப்பதில்லை என்பதால் பாதித் தொல்லை இல்லை. அக்டோபர்க் கடைசியில் குருபூஜை நாட்களை ஒட்டி நம் மாவட்டத்தில் தடை உத்தரவு வருவது வழக்கம், அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கதையை முன்கூட்டிக் காட்டு என்று யாராவது கேட்டால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். வெள்ளைக்காரன் 1876-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் 1954-இல் தமிழகத்தில் அதே போல ஒரு சட்டம் வந்தது, எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்து. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தகராறு பண்ணச் சொல்லவில்லை. மரியாதையாக, தெரிந்துகொண்டு பேசுங்கள்.

எனக்கு நடிக்கத் தெரியாது. கோலம்தான் தெரியும்.

போதும், வாருங்கள். 2019 டிசம்பரில் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலம் போட்ட சில பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த நாட்களில் அதே எதிர்ப்பு வாசகம் எத்தனையோ வீட்டு வாசலில் மாக்கோலமாக வந்தது. நடுவீட்டுக் கோலம் போடும் கைகள் நிறைந்த ஊர் நம்முடையது. எங்கள் கண்மாய் நாடகத்துக்கு முன்னால் வரத்துக்கால் வரைபடத்தை ஒரு ஆச்சிதான் மாவால் தெருவில் போட்டுத் தருகிறார். அதைத் தாண்டிப் போகும் யாரும் குனிந்து பார்க்காமல் போவதில்லை.

இதனால் ஏதாவது மாறியிருக்கிறதா?

பக்கத்துப் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991-இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் கலைஜாதா எனும் கலைப் பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் பாட்டும் நாடகமும் கொண்டு போயின. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணையாக நின்றார். எழுத்தோடு சைக்கிளும் வந்தது. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். 'சைக்கிள் ஓட்டக் கத்துக்கணும் தங்கச்சி' என்ற பாட்டு அப்போது வந்ததுதான். அன்று கற்றுக்கொண்டவரின் மகள் இன்று எங்கள் குழுவில் இருக்கிறார்.

எங்கள் கணக்கு அதைவிட மிகச் சிறியது. நீலத்துணி நாடகம் போட்ட ஊர்களில் இரண்டில் வரத்துக்காலை ஊர்க்காரர்களே வெட்டிச் சுத்தம் செய்தார்கள். ஒன்றில் கிராம சபையில் கேள்வி எழுந்தது, பதில் இன்னும் வரவில்லை. மற்ற ஊர்களில் கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். வேலி போட்டவர் கோபித்துக்கொண்டு எங்கள் தபால்கார அண்ணனிடம் ஒரு வருஷம் பேசவில்லை. அதுவும் கணக்கில் உண்டு.

எங்கள் ஊருக்கு வருவீர்களா?

வருகிறோம். நாடகத்துக்கு ஒரு வாரம் முன்னால் நாங்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து பேச ஒரு திண்ணை வேண்டும். பெண்கள் தனியாகப் பேச ஒரு மாலை வேண்டும். நாடகத்தன்று முன்வரிசையில் நாற்காலி போடாதீர்கள், எல்லோரும் ஒரே தரையில் உட்கார ஜமுக்காளம் போதும். சால்வை, மாலை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தைத் தவில்காரருக்கு எடுத்து வையுங்கள். ஒரு குடம் தண்ணீரும் டீயும் இருந்தால் சரி.